பிலோமினாவின்ர கிடாரம்

யன்னலைக் கொஞ்சம் இழுத்துவிடுங்கோ தம்பி, தூவானம் அடிக்குது. வவுனியா மட்டுமோ நீங்கள்? நானும் அங்கதான், மகள் வீட்டை. இந்த மழையைக் கண்டாலே எனக்கு அந்த வெள்ளம்தான் ஞாபகம் வரும். பயமில்லை. மழைக்குப் பயந்தா விவசாயம் படிப்பிக்கேலுமோ? இருபத்தேழு வருசம் படிப்பிச்சனான். வாற தை மாதம் பென்சன். தில்லைநாதன் மாஸ்டர் எண்டா எங்கட பக்கத்தில ஒரு குழந்தைப் பிள்ளைக்கும் தெரியும். அதுதான் கரைச்சல். தெரியாத ஒரு ஆளிட்டத்தான் சொல்லலாம் போல கிடக்கு. நீங்கள் வேணுமெண்டா நித்திரை கொள்ளுங்கோ, நான் என்ர பாட்டில சொல்லுறன்.

முந்தநாள் இல்லை, ரெண்டு வருசத்துக்கு முந்தின வெள்ளம். ஐப்பசியிலயே பிடிச்சுது. கடல்நீரேரிப் பக்கம் இருந்த குடும்பங்கள் எல்லாத்தையும் எங்கட பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில இருக்கிற பொதுநோக்கு மண்டபத்தில கொண்டுவந்து விட்டிட்டினம். நான் அப்ப விவசாயக் கழகத்துக்குப் பொறுப்பாசிரியர். எங்கட கல்வி வலயத்தில நாலு பள்ளிக்கூடத்தில விவசாயக் கழகம் இருந்தது. நாலையும் ஒண்டாய்ச் சேர்த்து உதவி செய்யலாம் எண்டு யோசினை சொன்னது நான்தான். வேற ஆர் சொல்லப்போறான்?

மற்ற வருசமெண்டா பிள்ளையள் வீட்டுத்தோட்டத்து மரக்கறியைக் கொண்டுவருங்கள். அந்த வருசம் தோட்டமெல்லாம் தண்ணிக்குள்ள. அதால ஆளுக்கு ஒரு தகர ரின் சாப்பாடு கொண்டுவரச் சொன்னன். ரின் மீன், ரின் கடலை, இல்லாட்டி ரின்னில அடைச்ச பலாக்காய். விவசாயக் கழகம் கடையில வாங்கின ரின்னைச் சேர்க்குது எண்டு மற்ற மாஸ்டர்மார் பகிடி பண்ணிச்சினம். பண்ணட்டும் எண்டு விட்டிட்டன். ரெண்டு கிழமையில எங்கட ஆய்வுகூடத்து மேசை தெரியாத அளவுக்கு ரின். ஏழைப் பிள்ளையள் தம்பி. ஒரு ரின்னுக்கு ரெண்டு வீடு சேர்ந்து காசு போட்ட கதையும் இருக்கு.

இப்ப லேபல் கதைக்கு வாறன். சாமான் குடுத்தா ஆர் குடுத்தது எண்டு தெரியவேணும்தானே. இல்லாட்டி வேற ஆக்கள் தாங்கள் குடுத்ததெண்டு படம் எடுத்துப் போடுவினம். நான் பச்சைத் தாளில ஒரு லேபல் அடிப்பிச்சன். நாலு பள்ளிக்கூடத்தின்ர பேர், நாலு அதிபர்மாற்ற பேர், வலயப் பணிப்பாளற்ற பேர், பொறுப்பாசிரியர் எண்டு என்ர பேர். கொஞ்சம் பெரிசாய்ப் போச்சு. கோதுமை மாப் பசை காய்ச்சி, பிள்ளையள் ரின்னைச் சுத்தி ஒட்டிச்சுதுகள். அப்ப பத்தாம் வகுப்பில ஜெனிற்றா எண்டு ஒரு பிள்ளை. கெட்டிக்காரி. அவள் கையில பசையோட வந்து கேட்டாள்.

“சேர், இது கடை லேபலை முழுக்க மறைக்குதே. உள்ளுக்கு மீனோ பலாக்காயோ எண்டு எப்பிடித் தெரியும்?”

“அதை நான் பாத்துக்கொள்ளுறன் பிள்ளை. நீ ஒட்டு.”

ஒட்டினாள். சொல்லுக் கேக்கிற பிள்ளை.

பேந்துதான் யோசிச்சன், கந்தசட்டி வருதெல்லோ எண்டு. மண்டபத்தில பதினொரு பொம்பிளையள் விரதம். வெள்ளம் வந்தாப்போல விரதத்தை விடுவினமே? அவைக்கு மீனைக் குடுக்கேலுமோ? சரி எண்டு, பிள்ளையளுக்கு முன்னால ரின்னை ஒவ்வொண்டாய்க் காதுக்குக் கிட்டக் கொண்டுபோய் ஆட்டிப் பாத்தன். பலாக்காய் எண்டா உப்புத்தண்ணியில குளுக் குளுக் எண்டும். மீன் எண்டா இறுகி மொத்து மொத்தெண்டும். சிரிக்காதேங்கோ தம்பி, முட்டையை ஆட்டிப் பாத்தே கூழ்முட்டையோ எண்டு சொல்லுறவன் நான். ஆறு ரின்னை எடுத்து இது பலாக்காய் எண்டு தனிய வைச்சன். பிள்ளையள் கை தட்டிச்சுதுகள். ஜெனிற்றாவும் தட்டினவள். நான் பாத்தனான்.

அந்தப் பதினொரு பேரில கமலாசனி அம்மா எண்டு ஒராள். அவவின்ர மகளுக்குக் கலியாணம் முடிச்சு ஏழு வருசம், பிள்ளையில்லை. அதுக்காக ஆறு வருசம் தொடர்ந்து கந்தசட்டி பிடிக்கிறன் எண்டு நேர்ந்தவ. ஆறு நாளும் தண்ணி மட்டும். அதுவும் ஒரு நேரம். அண்டைக்கு ஆறாவது வருசம். ஏழாம் நாள் காலமை பாறணை. விரதம் முடிச்சு வாயில வைக்கிற அந்த ஒரு சாப்பாட்டோட நேர்த்தி நிறைவேறிப்போகும். நான் பிழை விட்டது அந்தச் சாப்பாட்டில.

பதினொரு பேருக்கும் ஒண்டாய்க் கறி வைக்க ஒரு பெரிய பாத்திரம் வேணும். மண்டபத்துப் பாத்திரம் எல்லாத்திலயும் மற்றச் சனத்துக்கு மீன் காய்ச்சினது. அப்ப பிலோமினாதான் தன்ர கிடாரத்தைக் கொண்டுவந்தவ. பிலோமினா ஆரெண்டால், ஜெனிற்றாவின்ர தாய். கமலாசனி அம்மாவுக்கு அடுத்த வளவு. மாதா கோயிலுக்குப் போற வேதக்கார ஆக்கள், புருசன் நீரேரியில மீன்பிடித் தொழில். அது றால் அவிக்கிற கிடாரம்தான். நான் பொய் சொல்லேல்லை, அவவும் மறைக்கேல்லை. மற்றப் பொம்பிளையள் முகத்தைச் சுழிச்சிச்சினம். கமலாசனி அம்மாதான் சொன்னவ.

“பதினேழு வருசம் வேலிப் பொட்டுக்குள்ளால போய் வந்து பழகினனாங்கள். பிலோமினாவின்ர கைச் சுத்தம் எனக்குத் தெரியும். ஒருத்தரும் யோசிக்கத் தேவையில்லை.”

வேலிப் பொட்டு தெரியும்தானே? கிடுகு வேலியில ஆள் நுழையிற மாதிரி விட்டிருக்கிற ஓட்டை. றோட்டால சுத்திப் போகாமல் இந்த வளவுக்கும் அந்த வளவுக்கும் போய்வர. நல்ல பழக்கமான வீடுகளுக்கு இடையிலதான் அது இருக்கும்.

பிலோமினா அண்டு விடிய முன்னம் எழும்பி, சாம்பலும் புளியும் போட்டு மூண்டு தரம் மினுக்கினவ. நான் கண்ணால கண்டனான். மூண்டு தரம்.

பொம்பிளையள் குளிச்சுப்போட்டுப் பக்கத்துக் கோயிலுக்குப் போட்டினம். போற நேரம் பூசணிக்காயும் முருங்கையிலையும் பருப்பும் அடுப்பில ஏத்தியாச்சு. கடைசியாய்ப் பலாக்காயை ஊத்தி இறக்கிறது மட்டும்தான் மிச்சம். அதை நான் செய்யிறன் எண்டன். ஏனெண்டு கேட்டா, அண்டைக்கு ஒம்பது மணிக்கு வலயப் பணிப்பாளர் வாறார். அவர் வரேக்க நான் அடுப்படியில நிண்டா நல்லது எண்டு நினைச்சன். இதை நான் என்ர மனிசிக்கும் சொல்லேல்லை தம்பி. உங்களுக்குத்தான் சொல்லுறன்.

ஈர விறகு. கண்ணைத் திறக்கேலாத புகை. ஜெனிற்றா பக்கத்தில அகப்பையோட நிண்டவள். நாலு ரின் திறந்து ஊத்தினன், நாலும் பலாக்காய். பாத்தியா பிள்ளை எண்டன். அஞ்சாவதைத் திறந்து அதே கையோட கவிட்டன். கவிட்ட பிறகுதான் மணம் அடிச்சுது. மீன்.

நிமித்தினன். பாதி கிடாரத்துக்குள்ள போட்டுது.

என்ன செய்வியள் நீங்கள்? சொல்லுங்கோ பாப்பம். ஆறு நாள் பட்டினி கிடந்த பதினொரு சனம் இப்ப வந்திடும். வேற மரக்கறி ஒரு துண்டு இல்லை, மிச்ச ரின்னுகளைத் திறந்து பாக்க நேரமும் இல்லை. கடைக்குப் போக வள்ளம்தான் வேணும். நான் ஜெனிற்றாவின்ர கையில இருந்த அகப்பையைப் பறிச்சு, கண்ணுக்குத் தெரிஞ்ச துண்டு முழுக்க அள்ளி, ரின்னோட சேர்த்துப் பின் மதிலுக்கு அங்கால வெள்ளத்துக்குள்ள எறிஞ்சன். பிறகு புளியைக் கரைச்சு விட்டன். பெருங்காயம் போட்டன். கறிவேப்பிலை ஒரு பிடி. மண்டபம் முழுக்க ரின் மீன் மணம்தானே, ஆர் கண்டுபிடிக்கப்போகினம்?

ஜெனிற்றா பாத்துக்கொண்டு நிண்டவள். நான் சொன்னன், “பிள்ளை, வாயைத் திறக்காத. பாவம், எல்லாரும் பசியோட வருகினம். சேர் பிறகு சொல்லிக்கொள்ளுறன்.”

“ஓம் சேர்” எண்டாள்.

சேர் பிறகு சொல்லிக்கொள்ளுறன். இதைத்தான் சொன்னனான். ஒரு எழுத்து மாத்தேல்லை.

பொம்பிளையள் திருநீறோட வந்து வரிசையாய் இருந்திச்சினம். பணிப்பாளர் வந்து படம் எடுத்தார். கமலாசனி அம்மா ரெண்டு வாய் சாப்பிட்டிட்டு என்னைப் பாத்துச் சிரிச்சா. “சேர், பலாக்காய் எண்டா இறைச்சி மாதிரி இருக்கும் எண்டு சொல்லுவினம். இது மீன் மாதிரியெல்லோ இருக்கு” எண்டா. எல்லாரும் சிரிச்சவை. நானும் சிரிச்சன். சிரிச்சன் தம்பி. அந்தச் சிரிப்பை இப்ப நினைச்சாலும் எனக்குச் சாப்பாடு இறங்காது.

பிறகு அவ வாய்க்குள்ள கையை விட்டு எதையோ எடுத்தா. ரின் மீனுக்குள்ள நடுமுள்ளு இருக்குமெல்லோ, அவிஞ்சு மெத்தெண்டு. அதில ஒரு துண்டு. விரல் நுனியில வைச்சுப் பாத்துக்கொண்டே இருந்தா. சனம் ஒண்டொண்டாய்க் கையை எடுத்துது. ஒருத்தி வெளியில ஓடிப்போய்ச் சத்தி எடுத்தாள்.

பணிப்பாளர் என்னைப் பாத்தார். என்ன மாஸ்டர் இது எண்டார்.

நான் ஒருத்தரையும் குற்றம் சொல்லேல்லை. இதை நீங்கள் வடிவாய்க் கேக்கவேணும். நான் பிலோமினா எண்டு பேரே எடுக்கேல்லை. “கிடாரம் ஆருடைய கிடாரம்?” எண்டு கேட்டனான். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விதான். அதுவும் மெதுவாய்.

பதினொரு பேரும் திரும்பிப் பாத்திச்சினம். பிலோமினா வாசல் நிலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. “மாதாவாணை மூண்டு தரம் மினுக்கினனான் கமலாக்கா. உள்ளுக்குக் கையை விட்டுத் தடவிப் பாத்தனான்” எண்டா. மீன் கழுவிற கைக்கு மீன் தெரியுமே எண்டு ஆரோ ஒருத்தி. இன்னொருத்தி அதைவிட மோசமாய், சாதியையும் சேர்த்து. கமலாசனி அம்மா சத்தம் போடேல்லை. எழும்பிப் போய் வாயைக் கொப்பளிச்சுப்போட்டு வந்து, “ஆறு வருசம் பிலோமினா” எண்டு மட்டும் சொன்னா.

ஜெனிற்றா என்னைப் பாத்தாள். நான் அடுப்பைப் பாத்தன். நெருப்பு அணையுமாப்போல இருந்தது, ரெண்டு விறகைத் தள்ளிவிட்டன்.

அண்டைக்குப் பின்னேரம் சொல்லியிருக்கலாம். சொல்லுவம் எண்டுதான் போனன். பணிப்பாளர் நிண்டார். அடுத்த நாள் சொல்லியிருக்கலாம். விரதம் பிடிச்ச பொம்பிளையள் ஏதோ அழுதுகொண்டிருந்தினம். வெள்ளம் வத்தி எல்லாரும் வீட்டை போன முதல் வேலை, கமலாசனி அம்மா அந்தப் பொட்டுக்குக் கிடுகு வைச்சு, கம்பியால இறுக்கிக் கட்டிப்போட்டா. அதை ஒரு பிள்ளை வந்து எனக்குச் சொல்லிச்சுது. நேர்த்தியும் பிழைச்சுப்போச்சு எண்டு, முதலாம் வருசத்தில இருந்து திரும்பப் பிடிக்கத் தொடங்கினா. இந்த ஐப்பசியோட ரெண்டு முடிஞ்சுது. இனி நாலு இருக்கு. அறுபது வயது கிட்ட வருது அவவுக்கு. ஆறு நாள் பச்சைத்தண்ணி. என்னாலதான். வேற ஆராலயும் இல்லை, என்னாலதான்.

பிலோமினாவிட்ட ஊரில ஒருத்தரும் மீன் வாங்காமல் விடேல்லை, அது வேற. ஆனா நல்லது கெட்டதுக்கு அந்த வீட்டில ஒரு கரண்டி கடன் கேக்கிறதில்லை இப்ப.

ஜெனிற்றா வகுப்பில முன் வாங்கிலதான் இருந்தவள். நான் பசளையைப் பற்றிப் படிப்பிப்பன், அவள் என்னைப் பாத்துக்கொண்டிருப்பாள். கோபமாய்ப் பாத்தா எனக்குப் பிரச்சினையில்லை தம்பி. அவள் காத்துக்கொண்டிருக்கிற மாதிரிப் பாப்பாள். பஸ்ஸுக்கு நிக்கிற ஆக்கள் றோட்டைப் பாக்கிறதில்லையோ, அப்பிடி. ஒருக்கா வீட்டுத்தோட்ட ஒப்படைக்கு அவளுக்கு முழுப் புள்ளி போட்டன். ஒரு மனச் சமாதானத்துக்கு. கொப்பியோட ஆசிரியர் அறைக்கு வந்தாள். “சேர், நான் கடைசி ரெண்டு பக்கம் எழுதேல்லை. நீங்கள் பாக்கேல்லைப் போல.” வைச்சிட்டுப் போட்டாள். உயர்தரத்துக்கு விவசாயம் எடுக்கேல்லை. கலைப் பிரிவுக்குப் போட்டாள்.

எங்கட ரின் சேர்த்த வேலைக்கு வலயத்தில ஒரு கேடயம் தந்தவை. அதிபற்ற அறையில கிடக்கு. நான் அந்தப் பக்கம் போறது குறைவு.

போன வெள்ளிக்கிழமை என்னால முடியேல்லை. பென்சன் எடுத்தா ஊரைவிட்டு மகளோட வந்திருக்கப்போறன், இதையும் கட்டிக்கொண்டு வரேலாது எண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராய்ப் பிலோமினா வீட்டை போனன். அவ முத்தத்தில கருவாடு பரப்பிக்கொண்டிருந்தா. கதிரை தந்தா. நான் இருக்கேல்லை. நிண்ட நிலையில முழுக்கச் சொன்னன். லேபல், ஆட்டிப் பாத்தது, அள்ளி எறிஞ்சது எல்லாம்.

அவ கருவாட்டைப் புரட்டினபடி கேட்டுக்கொண்டிருந்திட்டுச் சொன்னா.

“தெரியும் சேர். பிள்ளை அண்டைக்கே சொன்னவள்.”

நான் கேட்டன், “தெரிஞ்சுமோ பேசாமல் இருந்தனீங்கள்?”

“சேர் பிறகு சொல்லுறன் எண்டவர் எண்டு பிள்ளை சொன்னாள். நானும் அவளுக்கு, நீ வாய் திறக்காத, நீ சொன்னா அவருக்கு மரியாதையில்லை, அவர் படிச்ச மனிசன், தானே சொல்லுவார் எண்டனான். வெள்ளம் வத்தட்டும் எண்டனான். பேந்து தைப்பொங்கல் வரட்டும் எண்டனான். பேந்து பிள்ளை கேக்கிறதை விட்டிட்டாள்.”

ஏச்சு விழும் எண்டு எதிர்பாத்துப் போனவன் நான். ரெண்டு அடி அடிச்சிருந்தாலும் வாங்கிக்கொண்டு வந்திருப்பன். அவ கையைக் கழுவிப்போட்டு, வேலிப் பக்கம் காட்டிச் சொன்னா: “எனக்குச் சொல்லி என்ன சேர். அங்க போய்ச் சொல்லுங்கோ. கமலாக்கா நிக்கிறா.”

போறன் எண்டன். பொட்டு அடைச்சபடியால் றோட்டால சுத்தித்தான் போகவேணும். நாலு நிமிசம் இருக்கும். அந்த நாலு நிமிசமும் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கிக்கொண்டு போனன். பெரிய கதையில்லை, மூண்டு வசனம்தான்.

கமலாசனி அம்மா என்னைக் கண்டதும் பட்ட சந்தோசம் இருக்கே! சேர், சேர் எண்டு உள்ளுக்குப் போய்த் தேத்தண்ணி ஊத்தி, பல்லி முட்டாசு இனிப்பும் கொண்டுவந்து வைச்சா. அண்டைக்குப் பசியில கிடக்கேக்க எங்களை நினைச்சுப் பலாக்காய் தேடித் தந்த மனிசன் நீங்கள் எண்டா. உங்களைப் போல ஆக்கள் இருக்கிறபடியால்தான் மழை பெய்யுது எண்டா. அப்பிடிச் சொல்லுற வாய்க்கு முன்னால என்னெண்டு சொல்லுறது? நீங்களே சொல்லுங்கோ.

ஆனா நான் சும்மா வரேல்லை. அதைக் கேளுங்கோ. நான் போன காரியம் அந்த ரெண்டு வீட்டையும் சேர்த்து வைக்கிறது. அதைச் செய்தன். “அம்மா, ரெண்டு வருசம் போச்சு. பழசை மறவுங்கோ. பிலோமினா நல்ல மனிசி. அவவை மன்னிச்சு விடுங்கோ” எண்டன்.

மன்னிச்சு விடுங்கோ எண்டன்.

ஓம், எனக்கும் இப்ப கேக்கேக்க விளங்குது. அப்ப அது எனக்குப் பெரிய நல்ல காரியமாய்ப் பட்டுது. அவ கண்ணெல்லாம் கலங்கிப்போனா. “சேர் கேட்டு நான் மாட்டன் எண்டு சொல்லுவனோ” எண்டு குறடு எடுத்துக்கொண்டு நேராய் வேலிக்குப் போனா. தன்ர கையால கட்டின கம்பியைத் தன்ர கையாலயே வெட்டி, உக்கின கிடுகை இழுத்து எறிஞ்சா. நான் தேத்தண்ணிக் கோப்பையோட பின்னால போனன்.

அந்தப் பக்கம் பிலோமினா நிண்டவ. நான் சொல்லுறதைக் கேக்க எண்டுதான் வேலியோட வந்து நிண்டிருக்கிறா. பக்கத்தில ஜெனிற்றா. ரெண்டு பேரின்ர முகத்திலயும்... விடுங்கோ.

கமலாசனி அம்மா பொட்டுக்குள்ளால கையை நீட்டி, “பிலோமினா, எல்லாத்தையும் மன்னிச்சிட்டன். சேர்தான் சொன்னவர்” எண்டா.

பிலோமினா அந்தக் கையைப் பிடிக்கேல்லை. அவவைப் பாக்கவும் இல்லை, என்னைத்தான் பாத்தவ. நான் ஏதும் சொல்லுவன் எண்டு கொஞ்ச நேரம் நிண்டிருப்பா. ஒரு வசனம் போதும், ரின்னைத் திறந்தது நான் எண்டு. நாக்கு நுனியில நிண்டது தம்பி. என்ர பிள்ளையள் சத்தியமாய் நிண்டது. நான் கோப்பையைப் பாத்தன். அவ திரும்பி வீட்டுக்குப் பின்னால கோடிப்பக்கம் போய், பழைய தகரம் ஒண்டும் சுத்தியலும் ஆணியும் எடுத்துக்கொண்டு வந்தா. தகரத்தைப் பொட்டுக்கு நேரே நிமித்தி, வேலிக் கதியால் மரத்தோட சேர்த்து அடிக்கத் தொடங்கினா.

“பாருங்கோ சேர், மன்னிச்சாலும் அவவுக்கு இருக்கிற திமிரை” எண்டா கமலாசனி அம்மா.

தகரம் சரியாமல் அந்தப் பக்கத்தால பிடிச்சுக்கொண்டு நிண்டது ஜெனிற்றா. மேல் விளிம்புக்கு மேலால தலை மட்டும் தெரிஞ்சுது. தாய் ஆணி அடிக்க அடிக்கத் தகரம் அதிருது, அவள் விடேல்லை. என்னைக் கண்டவள். நான் கண்டிட்டன் எண்டதையும் கண்டவள்.

“வணக்கம் சேர்” எண்டாள்.

வகுப்பில சொல்லுற அதே மாதிரித்தான் தம்பி, மரியாதையாய்.